இருநூற்று நாற்பது குரல்கள்

ரூமானாவுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்துவிட்டால் லேசில் இறங்காது. பரங்கிப்பேட்டையில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், அவள் வரைந்த விசைப்படகு ஓவியத்தை வேறொருத்தி பெயர் எழுதிப் போட்டியில் மாட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணோடு ரூமானா எட்டு வருஷம் பேசவில்லை. அவள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அன்றுதான் வாய் திறந்தாள். அதுவும், “எழுத்து கோணலா இருக்கே, யாரு போட்டது?” என்று. உம்மா மலிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடலூர் முதுநகரில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைவழியாகத்தான் சுவருக்குப் போயின. ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர் படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், படிக்கத் தெரியாதவர் எந்தப் படத்தைப் பார்த்து நிற்பார் என்பதையெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்றே கற்றாள்.

கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவன் இளவரசு. விவசாயக் குடும்பம், நல்ல பேச்சு. மஞ்சக்குப்பத்தில் மென்பொருள் கம்பெனி ஒன்றைத் தொடங்கியபோது, வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்க அவளைக் கூப்பிட்டான். ஐந்து பேர் கொண்ட அந்தப் பிரிவை அவள்தான் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துக் கட்டினாள். அதில் ஒருத்தி சிந்துஜா, கீரப்பாளையத்துப் பெண், பிறவியிலேயே காது கேட்காதவள். ஒரு சொல் இல்லாமல் படத்தாலேயே ‘சாப்பாட்டுக்கு முன் மாத்திரை’ என்று சொல்லிவிடுகிற கை அவளுக்கு.

ரூமானாவின் சட்டம் ஒன்றே ஒன்று. யாருக்காகச் செய்கிறோமோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத எதுவும் வெளியே போகக் கூடாது.

அந்தச் சட்டப்படிதான், பெண்கள் உடல்நலத்துக்கான செயலி ஒன்றைச் செய்யும் வேலை வந்தபோது, அவளும் சிந்துஜாவும் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டுகளுக்குப் போனார்கள். நான்கு மாதம் போய்வந்து இருநூற்று நாற்பது பெண்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். என்ன நோவு, அதை எப்படிச் சொல்வார்கள், எதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதுதான் கேள்வி. முதலில் வாய் திறந்தவள் விருத்தாம்பாள். ஐம்பத்தைந்து வயது, முப்பது வருஷமாகக் கொட்டை உடைத்து, ஓட்டு எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது.

“ஒனக்குப் புரியறாப்புல சொல்லணும்னா, பலாப்பழத்த அறுத்தா சொளை பிதுங்கிக்கினு வரும் பாரு, அந்த மாரி. எனக்குச் சொளை தள்ளுது. டாக்டரு என்னாமோ பேரு சொல்றாரு. நான் இப்பிடித்தான் சொல்லுவேன். என் வூட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது பாப்பா” என்றாள்.

ரூமானா தன் குறிப்பில் எழுதினாள்: சொளை தள்ளுது — கருப்பை இறக்கம். மற்ற இருநூற்று முப்பத்தொன்பது பேரில் ஒருத்திகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

“இந்தப் பேச்ச நாங்க நாலஞ்சு பேருதான் கேப்போம்மா. வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவோம். அதுக்கு நான் பொறுப்பு.”

“நீ சொன்னா சரி” என்றாள் விருத்தாம்பாள்.

வேலை முடிந்தது. பதிவுகளை அழிக்கச் சொல்லி ரூமானா மூன்று முறை கேட்டாள். “சர்வர்லதான தூங்குது, இருக்கட்டும்” என்றான் இளவரசு. அது தூங்கவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு விற்பதற்காக அவன் ரகசியமாக ஒரு பேசும் இயந்திரத்தைப் பழக்கிக்கொண்டிருந்தான். அதற்குத் தீனி போட்ட கோப்புகளின் பட்டியல் ஒருநாள் தவறுதலாக ரூமானாவின் திரைக்கு வந்தது. பண்ருட்டிக் கோப்புறை அதில் முதல் வரியிலேயே இருந்தது.

நேராக அவன் அறைக்குப் போனாள்.

“யாரு பேரும் அதுல இல்ல ரூமானா. வெறும் சத்தம்தான்.”

“வெறும் சத்தமா சார்? நான் வாக்கு குடுத்திருக்கேன்.”

“நீ குடுத்த வாக்குக்குக் கம்பெனி எப்பிடிப் பொறுப்பாவும்?”

மறுவாரம் வடிவமைப்புப் பிரிவையே கலைத்தான். இனி படம், எழுத்து எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான். சிந்துஜாவுக்காவது வேறு வேலை கொடுங்கள் என்று யாரோ கேட்டார்கள். இளவரசு பக்கத்தில் இருந்தவனிடம் சாய்ந்து, “பேசற மெஷின் செய்யற எடத்துல செவுட்டுப் பொண்ணுக்கு என்ன வேலை?” என்று சொல்லிச் சிரித்தான். சிந்துஜா உதடு படிப்பாள் என்பதை அவன் மறந்துபோயிருந்தான். அவள் முகம் மாறியதை ரூமானா பார்த்தாள். அன்றே பையை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். மறுநாள் அந்தப் பட்டியலும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

பண்ருட்டிக்குப் போய் அந்தப் பெண்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டாள். என்ன முகத்தோடு போய் நிற்பது? போகவே இல்லை. அந்த வெட்கமும் சேர்ந்து இளவரசு கணக்கிலேயே ஏறியது.

கணவன் ஆசிக் சிதம்பரம் தெற்கு வீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தான். “விட்டுத் தொலை புள்ள, அல்லாஹ் பாத்துக்குவான்” என்பான். “அல்லாஹ் பாத்துக்குவான், தெரியும். அவன் பாக்கறப்ப நானும் பக்கத்துல நின்னு பாக்கணும்” என்பாள் ரூமானா.

ஒரு வருஷம் கழித்துச் சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு எடுத்தது. பண்ருட்டியிலும் கீரப்பாளையத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. தலைமை மருத்துவர் சௌந்தரம் அம்மாள் அலங்காரம் இல்லாமல் பேசுகிறவர். “ஏஐ வேணும், ஏஐ வேணும்னு போர்டுல குதிக்கறாங்க. எதை உள்ள விடலாம், எதை வாசல்லயே நிறுத்தணும்னு நீ சொல்லு” என்றார்.

ரூமானா சிந்துஜாவையும் கூட அழைத்துக்கொண்டாள். இயந்திரத்தின் மேல் அவளுக்குப் பகை இல்லை. மருந்துச் சீட்டு விளக்கங்களை எளிய தமிழில் முதல் வரைவாக எழுத ஏஐயைப் பழக்கினாள். நர்ஸ் ஒருவர் படித்துத் திருத்தாமல் அது வெளியே போகாது. மருத்துவர்கள் கூட்டத்தில் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் வசதியை வைத்தாள். சிந்துஜா முதன்முறையாக ஒரு கூட்டத்தில் நடுவில் புகுந்து எதிர்வாதம் செய்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்து நோய் சொல்லும் கருவி ஒன்று வந்தபோது, யாருடைய படங்களைப் பார்த்துப் பழகியது என்று ரூமானா கேட்டாள். பதில் வரவில்லை, திருப்பி அனுப்பினாள். பகை ஒரே ஒரு மனிதன் மேல்தான். அது அப்படியே இருந்தது.

ஒருநாள் காலை சௌந்தரம் அம்மாள் ஒரு கோப்பை அவள் மேஜையில் வைத்தார். நோயாளிகளைப் பதிவு செய்ய ஒரு பேசும் சாவடி, ஏடிஎம் மாதிரி நிற்கிற இயந்திரம். விரல் வைத்தால் ஆளை அறியும், பேசினால் நோயைக் குறித்துக்கொள்ளும். கடைசிப் பக்கத்தில் இளவரசுவின் கையெழுத்து.

ரூமானா அந்தக் கையெழுத்தை இன்னொருமுறை பார்த்தாள். இந்த ஆள் எனக்குப் பழக்கம், இவரோடு எனக்குத் தகராறு உண்டு, சோதனையை வேறு யாராவது செய்யட்டும் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “நானே பாத்துக்கறேன் மேடம்” என்றாள்.

செயல்விளக்கம் தர வந்த இளவரசு அவளைப் பார்த்து ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்தான். “அட, நம்ம ரூமானா! அப்ப வேலை சுலபம்.”

“ஆமா சார். நம்ம ஆளுங்கதான” என்று அவளும் சிரித்தாள். காபி வரவழைத்தாள். ஏசி அறையில் செயல்விளக்கம் வேண்டாம், பண்ருட்டிக் கிளையில் புறநோயாளிகள் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம், போர்டு உறுப்பினர்களும் வரட்டும் என்றாள். கூட்டம் பார்த்தால் பெருமைதானே என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

ஆறு பேரை அவள் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொருவரிடமும் அந்த இயந்திரம் எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று அவளுக்குத் தெரியும். பக்கவாதத்தில் வாய் குழறிய சடையப்பன். காது கேட்காத சிந்துஜா. விரல் ரேகை தேய்ந்த விருத்தாம்பாள். ஷெட் மேஸ்திரிக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேர வேலை என்று மட்டும் சொல்லி விருத்தாம்பாளை வரவழைத்தாள்.

எப்போதும் சோதனைக்கு வருகிறவர்களிடம், “பரிட்சை மெஷினுக்குத்தான், உங்களுக்கு இல்ல. எப்ப வேணாலும் எந்திரிச்சுப் போவலாம்” என்று சொல்வாள். பக்கத்தில் ஒரு நர்ஸை நிறுத்துவாள். இந்த முறை சொல்லவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

சிந்துஜா அவள் தோளைத் தட்டிக் கையால் கேட்டாள்: அவர்களிடம் ஏன் சொல்லவில்லை?

உஷாராகிவிடுவார்கள் என்று ரூமானா கையாலேயே பதில் சொன்னாள். சிந்துஜா அவளை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை. கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது. முதலில் சடையப்பன் உட்கார்ந்தார். “நெ… நெஞ்சு… அடைக்குது” என்றார். “மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்” என்றது சாவடி. ஆறு முறை சொன்னார். ஆறு முறையும் அது மன்னிப்புக் கேட்டது. ஏழாவது முறை அவரை ‘எலும்புப் பிரிவு’க்கு அனுப்பியது. போர்டு உறுப்பினர் ஒருவர் இருமினார். அடுத்து சிந்துஜா. சாவடி பேசிக்கொண்டே இருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பதில் வராததால் அது அவளை ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். இளவரசுவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. ரூமானா சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். வாழ்நாளில் அப்படியொரு இனிப்பை அவள் சுவைத்ததில்லை.

பிறகு விருத்தாம்பாள்.

“உங்கள் விரலைச் சரியாக வைக்கவும்.” வைத்தாள். “விரலைத் துடைத்துவிட்டு வைக்கவும்.” புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். “ரேஷன் கடையிலயும் இதே ரோதனைதான்” என்று முனகினாள். கடைசியில் அது விரலை விட்டுவிட்டு, என்ன உபாதை என்று கேட்டது. விருத்தாம்பாள் சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து மெல்ல எதையோ சொன்னாள்.

“சத்தமாகச் சொல்லுங்கள்.”

மறுபடியும் சொன்னாள்.

“இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.”

இதற்குமேல் என்ன என்பதுபோல, “சொளை தள்ளுது” என்று உரக்கச் சொன்னாள்.

அதுவரை யார் சொன்னதும் புரியாத இயந்திரம் உடனே பதில் சொன்னது. கூடம் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியில், திருத்தமான தமிழில்: “நீங்கள் சொன்னது: சொளை தள்ளுது. அதாவது, கருப்பை இறக்கம். சரியா?”

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். விருத்தாம்பாளின் ஊர்க்காரர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

ரூமானாவின் உடம்பு சிலிர்த்தது. அவள் எதிர்பார்த்தது இயந்திரம் தோற்பதை. இது அதைவிடப் பெரியது. இத்தனை நாள் இல்லாத ஆதாரம் இப்போது ஒலிபெருக்கியில் வந்து விழுந்துவிட்டது. போர்டு உறுப்பினர்கள் முன்னால் நேராகப் போய் நின்றாள்.

“இளவரசு சார், இந்த வார்த்தைய ஒங்க மெஷின் எங்க கத்துக்கிச்சு?”

“அது… வட்டாரப் பேச்சு. டேட்டால இருந்திருக்கும்.”

“எந்த வட்டாரத்துலயும் இல்ல சார். இந்த உலகத்துல இத ஒரே ஒருத்தருதான் சொன்னாங்க. ஒரே ஒருவாட்டி, என்கிட்ட. அதுக்கு அர்த்தம் எழுதி வெச்சது என் கை. அழிச்சிடறேன்னு நான் வாக்கு குடுத்த பதிவு அது. ஒங்களுக்கு அது வெறும் சத்தம்.”

சௌந்தரம் அம்மாள் எழுந்து சாவடியின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்.

வாசலில் காருக்குப் போகும் வழியில் அவன் நின்றான். “சந்தோஷமா?”

“இன்னும் முழுசா இல்ல சார்.”

“அந்தம்மாவ அந்த நாற்காலியில உக்கார வெச்சது நானா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

பொறுக்கமாட்டாமல் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் விருத்தாம்பாள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரூமானா பக்கத்தில் போய், “அவன ஒரு வழி பண்ணிட்டோம்மா” என்றாள்.

விருத்தாம்பாள் தலைப்பை விலக்கினாள். “அழிச்சிடறேன்னு சொன்னியே.”

“அவன்தாம்மா திருடிட்டான்.”

“எப்பத்துலேர்ந்து ஒனக்குத் தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருசமா தெரிஞ்சிக்கினு ஒரு நா வந்து சொல்லல. இன்னிக்கி ஒரு வார்த்தை சொல்லாம கூப்ட்டாந்து, அத்தினி பேரு முன்னால உக்கார வெச்ச. அவன் என் பேச்ச எடுத்தான். நீ என்னையே எடுத்து அவன் மேல அடிச்சிட்ட. கல்லு தூக்கி அடிக்கறவ கல்லுக்கு நோவுமான்னு கேப்பாளா?” எழுந்தாள். “எங்க ஊருக்காரி மூணு பேரு கேட்டுட்டா. நாளைக்கி ஷெட்டு முழுக்கத் தெரியும். நீ போ.”

அன்று முழுக்க யோசித்தும் ரூமானாவுக்கு இளவரசு மேல் இருந்த கோபம் எள்ளளவும் குறையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே தன் மேல் ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சோதனை அறிக்கையை இரண்டு நாளில் எழுதினாள். முதல் ஒன்பது பக்கம் இயந்திரத்தின் பிழைகள், திருடப்பட்ட பதிவுகள். பத்தாவது பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். பழைய பகையை மறைத்தது, ஆட்களிடம் சொல்லாமல் அழைத்தது, நர்ஸை வேண்டுமென்றே நிறுத்தாதது, இரண்டு வருஷம் வாய்மூடி இருந்தது எல்லாவற்றையும் எழுதினாள். சிந்துஜா படித்துவிட்டு, பத்தாம் பக்கத்தில் ஒரு வரியை இன்னும் கடுமையாக மாற்றிக் கொடுத்தாள்.

சௌந்தரம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “இத எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரியும் மேடம். அதனாலதான் எழுதினேன்.”

“இனிமே எந்த மெஷினும் உள்ள வரணுமா வேணாமான்னு முடிவு பண்றது நீ மட்டும் இல்ல. நோயாளிங்க அஞ்சு பேரு கொண்ட குழு. அவுங்க வேணாம்னா வேணாம். அந்தம்மாவையும் கேளு. வர்றதும் வராததும் அவுங்க இஷ்டம்.” பிறகு இளவரசுவுக்குக் கடிதம் போனது: ஒன்று போலீஸில் புகார், அல்லது அந்தப் பெண்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும்.

ரூமானா ஷெட்டுக்குப் போனாள். இந்த முறை எல்லாப் பெண்களிடமும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சிலர் திட்டினார்கள். விருத்தாம்பாள் கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டு, “குழுவுக்கு வரேன். ஒனக்கோசரம் இல்ல” என்றாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். “அவன இங்க வரச் சொல்லு. இருநூத்தி நாப்பது பேரையும் அவன் வாயால படிக்கணும். ஒவ்வொருத்தியும் பதில் சொல்லணும்.”

இளவரசு வந்தான். பங்குனி வெயில், தகரக் கூரை, கொட்டை எண்ணெயின் காரல் நெடி. சுற்றுவட்டாரத்து ஷெட்டுப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரூமானா தன் பழைய குறிப்பிலிருந்து பதிவு எண்ணும் பெயருமாக எழுதிக் கொடுத்த பட்டியலை அவன் நின்றுகொண்டு படித்தான். பெயரைப் படித்ததும், “அழி” என்றார்கள். அவனுடைய ஆள் மடிக்கணினியில் அழித்து அழித்துத் திரையைக் காட்டினான். அறுபத்தொரு பேர் வேறு மாதிரி சொன்னார்கள். தங்கம்மாள் என்பவள், “என் பேச்சு இருக்கட்டும். எங்க ஊருப் பேச்சு மெஷினுக்குத் தெரியணும்ல? ஆனா ஒங்கிட்ட இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிகிட்ட இருக்கணும்” என்றாள். ஒன்பது பெயர்களுக்குப் பதில் வரவில்லை, இறந்துபோனவர்கள். அந்தப் பெயர்களைத் தாண்டிப் போகப் பார்த்தான். “செத்தவ பேர ரெண்டுவாட்டி படி” என்றாள் விருத்தாம்பாள். படித்தான். நூற்று முப்பதைத் தாண்டியபோது குரல் கம்மி, தண்ணீர் கேட்டான். “சத்தமா சொல்லு, கேக்கல” என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

ரூமானா ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். உள்ளே வர வேண்டாம் என்று விருத்தாம்பாள் சொல்லியிருந்தாள்.

இருநூற்று நாற்பது குரல் போனபின் அந்த இயந்திரத்தை முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. விஷயம் கேள்விப்பட்ட மற்ற ஆஸ்பத்திரிகளும் பின்வாங்கின. மஞ்சக்குப்பம் அலுவலகத்தைக் காலிசெய்தான் என்ற செய்தியை ஆசிக்தான் கொண்டுவந்தான். “பாவம்தான்” என்று அவன் இழுத்தான். “பாவம் இல்ல” என்றாள் ரூமானா. அந்தச் செய்தியை இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஒரு வருஷம் கழித்து வேறொரு நிறுவனத்தின் சாவடி வந்தது, விரல் ரேகை கேட்காமல், திரைச்சீலை கட்டிய மூலையில். பேசலாம், படத்தைத் தொடலாம், அல்லது பக்கத்திலேயே நிற்கும் நர்ஸைக் கூப்பிடலாம். அறுபத்தொரு பெண்களின் பேச்சைக் கேட்டு அது பழகியிருந்தது. அதற்குமுன் இரண்டு மாதிரிகளைக் குழு திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டு முறையும் முதலில் கையைத் தூக்கியவள் விருத்தாம்பாள்தான். கூட்டத்தில் ரூமானாவிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசுவாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

கடைசிக் கூட்டத்தில் அவள் கேட்டாள்: “இது தப்பா சொல்லிச்சின்னா யார வந்து கேக்கறது?”

“என்னக் கேளுங்கம்மா.”

“வாயால சொல்லாத. பேர எழுதி, போன் நம்பரோட சொவுத்துல ஒட்டு. படிக்கத் தெரியாதவளுக்கு ஒன் போட்டோவும் போடு.”

சிந்துஜா அந்த அறிவிப்பை வடிவமைத்தாள். சிதம்பரத்திலும் இரண்டு கிளைகளிலும் சாவடிக்கு மேலே ரூமானாவின் முகமும் எண்ணும் ஒட்டப்பட்டன. முதல் நாளே காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

“விருத்தாம்பா பேசறேன். ஒன் மெஷினு என் பேரத் தப்பா சொல்லுது. வந்து பாரு.”

ரூமானா பண்ருட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.